கறவை மாட்டுக்கு இரண்டு சக்கரம்

இந்த மாதக் குழுப் பாடம்: வளர்ந்த பிள்ளைகளும் வீட்டுப் பணமும்



இந்தப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். பேச வேண்டிய இடம் வந்தால் நிறுத்திப் பேசுங்கள். ஒரே கூட்டத்தில் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

குழுவில் கடன் கேட்கும்போது காரணம் எழுதுகிறோம். கறவை மாடு, தையல் மெஷின், வீட்டு ரிப்பேர், படிப்புச் செலவு என்று எழுதுகிறோம். இரண்டு மூன்று மாதம் கழித்து, பணம் சொன்ன காரணத்துக்குத்தான் போச்சா என்று பார்க்க நாங்கள் வீட்டுக்கு வருவோம். "மாடு எங்கக்கா?" என்று கேட்டால், "மேய்ச்சலுக்குப் போயிருக்கு" என்பார்கள். வாசலில் புது பைக் நிற்கும். சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் கவரைக்கூட இன்னும் பிரித்திருக்க மாட்டார்கள். பல வீடுகளில் இப்போது கறவை மாட்டுக்கு இரண்டு சக்கரம்தான் இருக்கிறது. அது பால் கறப்பதில்லை, பெட்ரோல் குடிக்கிறது.

கடனைத் திருப்பிக் கட்டவில்லை என்று இதைச் சொல்லவில்லை. கட்டிவிடுகிறார்கள். எப்படிக் கட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம். வாரக் குழுவில் வாங்கி இங்கே கட்டுகிறார்கள், தோட்டை அடகு வைத்து அங்கே கட்டுகிறார்கள். வண்டி ஓட்டுகிற பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதும் அம்மாதான்.

நமது தர்மபுரி மாவட்டத்தில்தான் 1989-ல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு மகளிர் குழுத் திட்டம் முதன்முதலில் தொடங்கியது. மாதம் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று முந்தானையில் முடிந்து வைத்துக் கொண்டுவந்து சேமித்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து, பேரப்பிள்ளைகளும் காலேஜ் வந்துவிட்டார்கள். அந்தப் பத்து ரூபாயைச் சேர்க்க என்ன பாடுபட்டோம் என்று ஒருவருக்கொருவர் ஆயிரம் முறை பேசியிருக்கிறோம். பிள்ளைகளிடம் பேசியது குறைவு. "நாம பட்ட கஷ்டம் நம்ம பிள்ளைங்க படக்கூடாது" என்று கஷ்டத்தை மறைத்தோம். கூடவே கணக்கையும் மறைத்துவிட்டோம்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே இல்ல. கேட்டா உடனே வேணும். இல்லன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குறாங்க." எந்தக் குழுவுக்குப் போனாலும் இதைக் கேட்கிறோம். சரி, பிள்ளைகளையே கேட்டுவிடலாம் என்று, உறுப்பினர்களின் பிள்ளைகளில் 18 வயது முடிந்தவர்களை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துப் பேசினோம். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து நான்கு விவரம் எழுதச் சொன்னோம். வீட்டுக்கு மாதம் எவ்வளவு வருகிறது? எத்தனை கடன் இருக்கிறது? மொத்தத் தவணை எவ்வளவு? நீங்கள் ஆசைப்படும் பொருள் எது, என்ன விலை?

கடைசிக் கேள்விக்கு எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒரு பையன் வண்டி விலை, இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், கூடுதல் பிட்டிங் என்று பிரித்து எழுதியிருந்தான். எங்கள் பயிற்சியில் வரவு செலவு அறிக்கைகூட அவ்வளவு சுத்தமாக வருவதில்லை! ஆனால் முதல் மூன்று கேள்விக்கு ஆண் பிள்ளைகள் பெரும்பாலோர் எழுதிய பதில் "தெரியாது" அல்லது "அம்மாவுக்குத்தான் தெரியும்". எல்லாவற்றுக்கும் சரியாக எழுதிய பெண் ஒருத்தி இருந்தாள். அம்மாவுக்கு எழுத வராததால் குழுவின் தீர்மான நோட்டையும் கடன் லெட்ஜரையும் பல வருடமாக எழுதுவது அவள்தான்.

அன்றைக்கு ஒரு பையன் கேட்டான். "நாங்க கேக்குறது தப்புன்னா, வீட்ல எவ்வளவு இருக்குன்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்கணும்ல? பைக் கேட்டேன், வாங்கிக் குடுத்தாங்க. அப்ப பணம் இருக்குன்னுதானே நான் நெனப்பேன்?"

இந்தக் கேள்விக்குக் குழுவில் பதில் பேசிப் பாருங்கள். எங்கள் கருத்து, பையன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி, அவனும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். பதினெட்டு வயது முடிந்தவனுக்கு ஓட்டுப் போடத் தெரிகிறது, வீட்டில் எத்தனை டியூ ஓடுகிறது என்று விசாரிக்கத் தெரியாதா?

இப்போது ஓர் உதாரணக் குடும்பத்தின் கணக்கைப் போடுவோம். பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சென்டரிங் வேலை. மாதம் 15 நாள், நாளைக்கு 700 என்றால் 10,500 ரூபாய். தீவனச் செலவு போகப் பால் பணம் 5,500. மொத்தம் 16,000. குழுக் கடன் தவணை 2,100. வாரக் குழுவுக்கு வாரம் 650 வீதம் 2,600. ஆக 4,700 போனால் கையில் 11,300. இதில்தான் அரிசி, மளிகை, கரண்ட், மருந்து, மொய் எல்லாம். பையன் காலேஜ் முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிறான்.

ஒரு பைக் வாங்குகிறார்கள். எல்லாம் சேர்த்து 1,20,000. முன்பணம் 20,000, அது அம்மாவின் தோடு. மீதி ஒரு லட்சம் கம்பெனிக் கடன், மூன்று வருடம். "நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டிதாம்மா, உங்க குழு வட்டிதான்" என்று கடையில் சொல்வார்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும். குழுவில் அசலைக் கட்டக் கட்ட மீதிக்குத்தான் வட்டி போடுகிறோம். மாதம் 2,778 அசலும் மீதிக்கு ஒரு ரூபாய் வட்டியுமாகக் கட்டினால், 36 மாதத்தில் ஒரு லட்சத்துக்கு மொத்த வட்டி 18,500 ரூபாய். வண்டிக் கடனில் பல இடங்களில் பிளாட் ரேட் சொல்கிறார்கள். அதாவது பாதி அசல் அடைந்த பிறகும் முழு ஒரு லட்சத்துக்கே வட்டி. வருடம் 12,000, மூன்று வருடத்துக்கு 36,000. அதே ஒரு ரூபாய் வட்டிதான், ஆனால் கொடுப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாதத் தவணை 3,778.

கையில் இருந்த 11,300-ல் 3,778 போனால் 7,522. வாரம் 500 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் 2,000. மீதி 5,522. நான்கு பேர் சாப்பிட வேண்டும். தோட்டின் அடகு வட்டியை இதில் நாம் சேர்க்கவே இல்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கும் சிறுகடனுக்கு, ரிசர்வ் வங்கி 2022-ல் ஒரு வரம்பு வைத்தது. குடும்பத்தின் மாத வருமானத்தில் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கணவன், மனைவி, கல்யாணம் ஆகாத பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்தது ஒரு குடும்பம். வண்டிக் கடனும் அந்தக் கணக்கில் வரும். நம் உதாரணத்தில் 16,000-ல் பாதி 8,000. பைக் வந்த பிறகு தவணை 8,478. அதனால் நாளைக்கு மாடு செத்துப்போய் வேறு மாடு வாங்க அம்மா போய் நின்றால், "உங்க குடும்பத்துக்கு லிமிட் முடிஞ்சிருச்சும்மா" என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது. பையன் ஓட்டுகிற வண்டி அம்மாவின் மாட்டை வழிமறிக்கிறது.

கையெழுத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். ஜாமீன் கையெழுத்து என்றால் சாட்சிக் கையெழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. பையன் கட்டாவிட்டால் நேராக உங்களைத்தான் கேட்பார்கள். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை முக்கிய விவரத் தாளில், கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில், எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தாளைக் கேளுங்கள். பையனையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். காலேஜ் படிப்புக்கு அது ஒரு உபயோகம்.

இவ்வளவு சொன்னதால், பிள்ளைகள் கேட்பதெல்லாம் ஆடம்பரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓசூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற பையனுக்கு நைட் ஷிப்ட் முடிந்தால் ஊருக்கு பஸ் கிடையாது. வண்டி இருந்தால்தான் வேலை. காலேஜில் பாடம் போனில் வருகிறது, வேலைக்கு அழைப்பும் போனில் வருகிறது. இன்னொன்றும் இருக்கிறது, அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கூட உட்காருகிறவன் புதுச் சட்டை, புது போனோடு வரும்போது, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கிறது. "நம்மளும் அவங்களுக்குச் சமம்தான்" என்று காட்டப் பொருள் தேவைப்படுகிறது. காலில் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போன நமக்கு அந்தக் கூச்சம் தெரியாதா என்ன? அவமானத்தைப் புரிந்துகொள்ளலாம். அதற்கான விலையைத் தோட்டிலிருந்து எடுப்பதுதான் சரியா என்று பேச வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகப் பேசியே ஆக வேண்டும். "கேட்டா கிடைச்சே ஆகணும்னு நிக்குறாங்க" என்று நீங்கள் சொல்வது யாரை? பெரும்பாலும் பையன்களை. பெண் ஓசூர் கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்து, சம்பளத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்புகிறாள். அந்தப் பணத்தில் தம்பி வண்டிக்கு டியூ போகிறது. தீபாவளிக்கு அவள் தன் சம்பளத்தில் ஒரு போன் வாங்கினால், "பொண்ணு செலவாளி ஆயிட்டா" என்கிறோம். வேலைக்கே போகாதவன் கேட்பது ஆசை, சம்பாதிக்கிறவள் வாங்குவது செலவா?

லெட்ஜர் எழுதுகிற அந்தப் பெண் தாளில் ஆசைப்படும் பொருள் என்று எழுதியது 350 ரூபாய்ப் புத்தகம் ஒன்று. வீட்டுக் கணக்கு தெரிந்ததால் அளவாகக் கேட்டாளா, பெண்ணாகப் பிறந்தால் கேட்கக் கூடாது என்று பழகிவிட்டாளா? எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து இருக்கிறது. உங்கள் குழுவிலும் பேசுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்துக் காலேஜ் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. பல பிள்ளைகளுக்குத் தன் பெயரில், தன் கணக்கில் வந்த முதல் பணம் அதுதான். சில வீடுகளில் மகளின் ஏடிஎம் கார்டு அம்மாவிடம் இருக்கும், மகனின் கார்டு மகனிடம் இருக்கும். வீட்டுக்குக் கஷ்டம் என்றால் எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் கேட்டு எடுக்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் எடுத்தால், பணம் யார் கைக்கு எட்டுதோ அவருக்குத்தான் சொந்தம் என்று நாமே கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். பிறகு பெட்டியில் வைத்த குழுப் பணத்தைப் பையன் எடுத்தான் என்று அழுது பயனில்லை.

போன் கடன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். அம்மாவிடம் கேட்டுக் கிடைக்காத பிள்ளைகள் போனிலேயே கடன் வாங்குகிறார்கள். கட்டாவிட்டால் போனில் உள்ள அத்தனை பேருக்கும், அக்கா வீட்டுக்காரர் வரைக்கும், கூப்பிட்டு அசிங்கப்படுத்துகிற கும்பல்கள் இருக்கின்றன. கடன் ஆப் நம் போனில் உள்ள நம்பர்களையும் போட்டோக்களையும் எடுக்கக் கூடாது என்பது 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. அனுமதி கேட்கிற ஆப் என்றாலே சந்தேகப்படுங்கள். பணம் ஏமாந்தாலோ மிரட்டல் வந்தாலோ 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யலாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. "இது சட்டப்படி சரிதாம்மா, எல்லாரும் ஆடுறாங்க" என்று பையன் சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி, பலரும் கூட்டத்தில் சொல்லாமல் எங்களைத் தனியே கூப்பிட்டுச் சொல்கிற விஷயம். "வாங்கித் தரலேன்னா ஏதாவது பண்ணிக்குவேன்னு சொல்றான் மேடம். பயந்துக்கிட்டுத்தான் கடன் வாங்குனேன்." இந்தப் பேச்சை மிரட்டல் என்று அலட்சியப்படுத்தாதீர்கள். அதே சமயம், வண்டி வாங்கிக் கொடுத்ததால் சரியாகிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். அப்படிப் பேசுகிற பிள்ளைக்குத் தேவை பேச ஒரு ஆள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணம் இல்லாமல் தமிழிலேயே பேசலாம், அம்மாவும் பேசலாம். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வெட்கப்பட வேண்டாம். துணைக்கு ஆள் வேண்டும் என்றால் எங்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம். கடன் விண்ணப்பத்தை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, என்ன செய்வது? கண்டிப்பாக "முடியாது" என்று சொல்லுங்கள் என்று சொல்வது சுலபம். இருபது வயதுப் பையனிடம் திடீரென்று அப்படிச் சொன்னால், "இத்தனை நாள் முடிஞ்சது, இப்ப மட்டும் ஏன் முடியல?" என்றுதான் கேட்பான்.

குழுவில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? கடன் கேட்கிறவரின் முன்னாலேயே பெட்டியில் எவ்வளவு இருக்கிறது, வெளியே எவ்வளவு நிற்கிறது, யார் யாருக்கு அவசரம் என்று எல்லாவற்றையும் வாசிக்கிறோம். கணக்கைக் கேட்ட பிறகு, "சரி, எனக்கு அடுத்த மாசம் குடுங்க" என்று அவரே சொல்வதைப் பல தடவை பார்த்திருக்கிறோம். பணம் இல்லை என்று யாரும் அவரை விரட்டவில்லை. கணக்கு அவர் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். இதே வேலையை வீட்டில் செய்து பார்க்கலாம். மாதம் ஒரு நாள், அப்பா, பையன், பெண் எல்லோரும் இருக்கும்போது பாஸ்புக், வாரக் குழு அட்டை, அடகு ரசீது எல்லாவற்றையும் தரையில் பரப்பி வையுங்கள். பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். முதல் மாதம் நிச்சயம் சண்டை வரும். "என்னைக் குத்திக்காட்டத்தானே இதெல்லாம்" என்பான். குத்திக்காட்டாதீர்கள். "உன்னை வளர்க்க எவ்வளவு செலவு பண்ணினேன் தெரியுமா" என்கிற பேச்சை அன்றைக்கு மட்டுமாவது மூட்டை கட்டி வையுங்கள். எழுதி முடித்துவிட்டு எழுந்துவிடுங்கள். அடுத்த மாதம் மறுபடி உட்காருங்கள்.

இப்படி எழுத ஆரம்பித்த ஒரு வீட்டில், மூன்றாவது மாதம் பையன் வண்டியை விற்கவில்லை, கேட்பதையும் விடவில்லை. பெட்ரோல் காசுக்குக் காலையில் பால் கேன் ஏற்றிக்கொண்டு சொசைட்டிக்குப் போக ஆரம்பித்தான். அக்கம்பக்கத்து நான்கு வீட்டுப் பாலையும் சேர்த்து எடுத்துப் போகிறான், வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கிறான். டியூவை இன்னும் அம்மாதான் கட்டுகிறார். இன்னொரு வீட்டில் மூன்று மாதம் எழுதியும் ஒரு மாற்றமும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

குழு அளவில் இந்த மாதம் மூன்று தீர்மானங்களைப் பற்றிப் பேசி, விருப்பம் இருந்தால் நோட்டில் எழுதுங்கள். பிள்ளைகளின் வண்டி, போனுக்காக வாங்கும் கடனை அதே பெயரில் எழுதுவது, இனி கறவை மாடு வேண்டாம். அந்தக் கடனுக்குப் பதினெட்டு வயது முடிந்த அந்தப் பிள்ளையே, ஓட்டுநர் உரிமத்தோடு, கூட்டத்துக்கு நேரில் வந்து எதற்கு வேண்டும், எப்படிக் கட்டுவேன் என்று பெரியம்மா சித்திமார்கள் முன்னால் சொல்வது. மகனுக்கு ஒரு கடன் கொடுத்த வீட்டில் மகளுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற ஒரு வரியையும் கடன் விண்ணப்பத்தில் சேர்ப்பது. மூன்றாவது தீர்மானத்துக்குச் சில குழுக்களில் எதிர்ப்பு வரும் என்று எங்களுக்குத் தெரியும். பேசிய விவரத்தை அப்படியே எழுதி, ஊக்குநர் மூலம் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

வீட்டில் எழுதிய கணக்குத் தாளைக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை, அது உங்கள் வீட்டு விஷயம். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் நாங்கள் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: உட்கார்ந்தீர்களா, யார் எழுதினார்கள்?